லாஜிஸ்டிக்ஸ் வேலைக்குப் போகலாமா? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

காலேஜ் முடித்தவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். நான் சென்னையில் ஏற்றுமதி இறக்குமதி ஃபார்வர்டிங் பக்கம், அதாவது மற்றவர்களின் சரக்கைக் கப்பலிலும் விமானத்திலும் இடம் பிடித்து அனுப்பிவைக்கும் வேலை பார்ப்பவன். அதனால் துறைமுகம், கஸ்டம்ஸ் என்று வரும்போது கொஞ்சம் நீட்டி முழக்குவேன், மற்றதில் சுருக்கமாக முடித்துவிடுவேன்.

லாஜிஸ்டிக்ஸ் என்றால் பார்சல் டெலிவரி வேலைதானே?

டெலிவரியும் அதில் ஒன்று. வெளியில் இருப்பவர்கள் கண்ணில் படுவது அது ஒன்றுதான் என்பதால் மொத்தமும் அதுவே என்று நினைத்துவிடுகிறார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஜெர்மனிக்கு டி-ஷர்ட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்வர்டர் ஆபீஸில் ஒருவர் கப்பல் கம்பெனிகளிடம் ரேட் கேட்டு, பேரம் பேசி, இடம் பிடிக்கிறார். இன்னொருவர் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் வைத்துக்கொண்டு, கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லைத் தயாரிக்கிறார். தூத்துக்குடி யார்டில் காலி கன்டெய்னரில் ஓட்டை இருக்கிறதா, உள்ளே ஈரமோ நாற்றமோ இருக்கிறதா என்று ஒருவர் பார்த்த பிறகுதான் ட்ரெய்லர் அதை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பும். ஃபேக்டரியில் பெட்டி ஏற்ற ஆள், எண்ண ஆள், சீல் போட ஆள். எடை போட்டு அந்தக் கணக்கைக் கப்பல் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்; 2016 ஜூலை முதல், எடை சொல்லாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. துறைமுகத்தில் கேட், யார்டு, கிரேன். அங்கிருந்து சிறிய ஃபீடர் கப்பலில் பெரும்பாலும் கொழும்பு, கொழும்பில் இறக்கிப் பெரிய மதர் வெசலில் மாற்றி ஐரோப்பா. ஹாம்பர்க்கில் இறங்கியதும் அந்த ஊர் கஸ்டம்ஸ், கிடங்கு, லாரி என்று இதே கதை இன்னொரு முறை நடக்கும்.

இதில் ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்கு வேலை இருக்கிறது. டேபிள் முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை, வெயிலில் நிற்கும் வேலை, போனில் பேசியே தீரும் வேலை, ஸ்டியரிங் பிடிக்கும் வேலை, எல்லாமே லாஜிஸ்டிக்ஸ்தான்.

சரி, மற்ற வேலையை விட இதில் என்ன லாபம்?

எனக்குத் தெரிந்து முதல் லாபம், இந்த வேலை எந்த ஒரு தொழிலையும் நம்பி இல்லை என்பது. கார் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தால் கார் விற்பனை படுத்தால் நீங்களும் படுப்பீர்கள். ஃபார்வர்டிங்கில் இருப்பவர் இன்று பனியன் அனுப்புவார், நாளை கிரானைட், அடுத்த வாரம் மருந்து, அதற்கடுத்து இறால். சரக்கு மாறினாலும் வேலையின் எலும்புக்கூடு மாறாது.

இரண்டாவது, உள்ளே வர ஒரே ஒரு கதவு என்று இல்லை. பிளஸ் டூ முடித்தவர், பி.காம், இன்ஜினியரிங், ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பவர், கப்பலில் வேலை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தவர், எல்லோரும் ஒரே ஆபீஸில் இருப்பார்கள். உள்ளே வந்த பிறகு பக்கத்து வேலைக்குத் தாவவும் முடியும். டாக்குமென்டேஷனில் சேர்ந்து இரண்டு மூன்று வருடத்தில் கஸ்டமர் சர்வீஸ், அங்கிருந்து ரேட் போடும் பிரைசிங், அப்புறம் சேல்ஸ் என்று நகர்ந்தவர்கள் எல்லா ஆபீஸிலும் இருப்பார்கள். வேலை பார்த்துக்கொண்டேதான் வேலையைக் கற்றுக்கொள்கிறோம், இதில் புத்தகம் சொல்லித் தருவது கொஞ்சம்தான்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. இங்கே கற்றது வேறு ஊருக்குப் போனாலும் செல்லும். ஒவ்வொரு பொருளுக்கும் அது எந்த வகைச் சரக்கு என்று கஸ்டம்ஸுக்குச் சொல்லும் ஹெச்எஸ் கோடு என்ற எண் ஒன்று உண்டு. பருத்தி டி-ஷர்ட் என்றால் 6109.10. அந்த முதல் ஆறு இலக்கம் ஏறக்குறைய உலகத்துக்கே பொது, அதன்பின் வரும் இலக்கங்களைத்தான் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்கிறது. யார் எதுவரை செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லும் இன்கோடெர்ம்ஸ் விதிகள் பதினொன்றும் அப்படித்தான், எஃப்ஓபி (சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பொறுப்பு) என்றால் தூத்துக்குடியிலும் எஃப்ஓபிதான் துபாயிலும் எஃப்ஓபிதான். இங்கே நன்றாகக் கற்றவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ போய் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆரம்பச் சம்பளத்தை நான் லாபக் கணக்கில் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

இந்தத் துறை வளர்கிறது என்கிறார்களே, நிஜமாகவா, சும்மா விளம்பரமா?

வளர்கிறது, அதற்குக் காரணங்களும் தெளிவாகவே இருக்கின்றன. 2017 ஜூலைக்கு முன்னால், மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு என்பதால் பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சின்ன குடோன் வைத்துக்கொண்டு காலம் தள்ளின. ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. சின்னச் சின்ன குடோன்களை மூடிவிட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய வேர்ஹவுஸ் கட்ட ஆரம்பித்தார்கள். பெரிய வேர்ஹவுஸுக்கு ரேக், ஸ்கேனர், சாஃப்ட்வேர் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். அதே 2017 கடைசியில் மத்திய அரசு லாஜிஸ்டிக்ஸுக்கு உள்கட்டமைப்புத் துறை என்ற அந்தஸ்து கொடுத்தது, அதனால் இந்தத் துறைக்கு நீண்ட காலக் கடன் கிடைப்பது சுலபமானது. 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வந்தது. கொள்கை அறிவிப்பு எல்லாம் பேப்பரில் அழகாகத்தான் இருக்கும், அதை வைத்து யாரும் வேலை முடிவு செய்ய வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள், வயல் இருந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று தெரியும்.

என்ன படித்திருக்க வேண்டும்?

எந்த டிகிரியும் போதும் என்பதுதான் நேர்மையான பதில். பி.காம் படித்தவர்களுக்கு இன்வாய்ஸ், வரி, வங்கி விஷயங்கள் சீக்கிரம் பிடிபடும். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், மெக்கானிக்கல் படித்தவர்களை ஃபேக்டரி உள்ளே நடக்கும் லாஜிஸ்டிக்ஸுக்கு எடுக்கிறார்கள். கார் ஃபேக்டரியில் உதிரி பாகம் மணிக்கணக்கு பார்த்து வந்து இறங்க வேண்டும், ஒரு பாகம் தாமதமானால் உற்பத்தி லைனே நிற்கும், அதைத் திட்டமிடுவது தனி வேலை.

மேலே படிக்க ஆசை இருந்தால் சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், அங்கே துறைமுகம், கப்பல் மேலாண்மை, சர்வதேசப் போக்குவரத்து என்று எம்பிஏ உண்டு. லாஜிஸ்டிக்ஸுக்கான திறன் கவுன்சிலின் தலைமையிடமே சென்னையில்தான் இருக்கிறது, அவர்கள் கல்லூரிகளோடு சேர்ந்து, படிக்கும்போதே கம்பெனியில் பயிற்சியும் உதவித்தொகையும் தரும் டிகிரி படிப்புகளை நடத்துகிறார்கள். காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல வழி.

ஒரு இன்ஸ்டிட்யூட் மூன்று மாத டிப்ளமா, நூறு சதவீதம் வேலை நிச்சயம் என்கிறது. பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். நிச்சயம் என்று எவனாவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு எக்ஸெலும் இங்கிலீஷ் இமெயில் எழுதுவதும் கற்றுக்கொள்ளுங்கள், மிச்சத்தை ஒரு சின்ன ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

சிஎச்ஏ ஆபீஸில் சேர்ந்தால் நல்லது என்கிறார்கள். ஹெச் கார்டு, ஜி கார்டு என்கிறார்கள். அது என்ன?

இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் டிகிரி பெரிதாக இல்லாத ஒரு பையனோ பெண்ணோ சட்டம் கொடுக்கும் ஒரு தகுதியைச் சம்பாதிக்க இந்தத் துறையில் இருக்கும் நல்ல வழி இதுதான்.

சரக்கு நாட்டை விட்டுப் போகவும் உள்ளே வரவும் கஸ்டம்ஸ் அனுமதி வேண்டும். ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி. இதை ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் சார்பில் செய்ய லைசென்ஸ் பெற்றவர்தான் கஸ்டம்ஸ் புரோக்கர், பழக்கத்தில் எல்லோரும் இன்னும் பழைய பெயரில் சிஎச்ஏ (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) என்றுதான் சொல்கிறோம். சென்னையில் இந்த ஆபீஸ்களுக்கு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸைச் சுற்றி, பாரிமுனை, தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று ஒரு பழைய வட்டாரம் உண்டு. ஒரு மாடிப்படி ஏறினால் நாலு ஆபீஸ் இருக்கும்.

அங்கே வேலைக்குச் சேருபவருக்கு முதலில் ஹெச் கார்டு எடுப்பார்கள். பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். இந்தக் கார்டு இருந்தால்தான் கஸ்டம்ஸ் பகுதிக்குள் கம்பெனி சார்பில் போய் உதவி வேலைகள் செய்ய முடியும். சிஎஃப்எஸ்ஸில், அதாவது திருவொற்றியூர், மணலி பக்கம் கன்டெய்னரைப் பிரித்துச் சோதிக்கும் கிடங்குகளில், நின்று பெட்டி திறந்து காட்டுவது, அதிகாரி கேட்கும் காகிதத்தை எடுத்துக் கொடுப்பது எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் பழகும். அப்புறம் கஸ்டம்ஸ் நடத்தும் தேர்வில் எழுத்தும் நேர்முகமும் தேறினால் ஜி கார்டு. இதில் கம்பெனி சார்பில் ஆவணங்களில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வருகிறது. அந்தக் கையெழுத்துக்குத்தான் சம்பளம். டிகிரியும் ஜி கார்டில் இரண்டு வருட அனுபவமும் இருந்தால், கஸ்டம்ஸின் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் லைசென்ஸ் தேர்வையே எழுதலாம். கஷ்டமான தேர்வு, கஸ்டம்ஸ் சட்டத்தோடு வேறு பல சட்டங்களும் வரும், அதன்பின் வாய்மொழித் தேர்வும் உண்டு. அதைத் தேறினவர் சொந்தமாகவே புரோக்கர் ஆகலாம், அல்லது அவரைத் தேடி கம்பெனிகள் வரும்.

ஒரு எச்சரிக்கை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு மேஜை ஓடுவதுதான் இந்த வேலை என்று யாராவது சொன்னால் அது பழைய காலம். இப்போது ஆவணங்கள் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளம் வழியாகப் போகின்றன, இணைப்புகளும் ஆன்லைனில்தான். 2020 ஜூனில் இறக்குமதிக்கு முகமறியா மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தபோது முதலில் ஆரம்பித்ததே பெங்களூரிலும் சென்னையிலும்தான். சென்னையில் இறங்கிய சரக்கின் பில்லை வேறு ஊரில் இருக்கும், நீங்கள் பார்த்தே இராத ஒரு அதிகாரி பார்ப்பார். அதனால் தெரிந்தவர் மூலம் முடித்துக்கொள்வது என்ற திறமைக்கு மதிப்புக் குறைந்து, எந்தப் பொருள் எந்த ஹெச்எஸ் கோடில் வரும், எந்த அரசு நோட்டிஃபிகேஷனில் வரிச் சலுகை உண்டு என்று படித்து எழுதத் தெரிந்தவருக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. படிக்கிற பழக்கம் இருப்பவர்களுக்கு இது நல்ல காலம்.

சம்பளம் எவ்வளவு வரும்?

சென்னையில் ஃபார்வர்டிங், சிஎச்ஏ ஆபீஸ்களில் புதிதாகச் சேருபவர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 வரை என்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பன்னாட்டுக் கம்பெனிகளும் அவர்களின் பேக் ஆபீஸ்களும் கொஞ்சம் கூடக் கொடுக்கும். ஐடி கம்பெனியில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டால் முதல் இரண்டு வருடம் வயிறு எரியும், உண்மை.

இங்கே சம்பளம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதை விட, ஒரு பொறுப்பிலிருந்து அடுத்த பொறுப்புக்குத் தாவும்போதுதான் ஏறும். ரேட் பேசத் தெரிந்தால் ஒரு ஏற்றம், ஜி கார்டு வந்தால் ஒரு ஏற்றம், வாடிக்கையாளரைக் கொண்டுவரத் தெரிந்தால் பெரிய ஏற்றம். ஒரே டேபிளில் ஒரே ஷிப்பிங் பில்லை எட்டு வருடம் அடித்துக்கொண்டிருந்தால் சம்பளமும் அங்கேயேதான் இருக்கும்.

ஆஃபர் லெட்டரில் எதைப் பார்க்க வேண்டும்?

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டையும். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்துக்குப் பிஎஃப் கட்டாயம். உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தால் கம்பெனியும் அதே 12 போட வேண்டும். மாதம் 21,000 வரை சம்பளம் என்றால் இஎஸ்ஐ வரும், நம் பங்கு 0.75 சதவீதம்தான், கம்பெனி 3.25 கட்டுகிறது, அதில் குடும்பத்துக்கே மருத்துவம். ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் இருக்கும் என்பதால் இது வேண்டாத பிடித்தம் என்று நினைக்காதீர்கள். ‘கையில் கூடத் தருகிறோம், பிஎஃப் வேண்டாம்’ என்று சொல்லும் சின்ன ஆபீஸ்கள் உண்டு. வேண்டாம், பிஎஃப்பே வேண்டும் என்று சொல்லுங்கள்.

வேர்ஹவுஸ் வேலை மூட்டை தூக்குவதுதானா?

தூக்குபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் உழைப்பு இல்லாமல் எதுவும் நகராது. ஆனால் சூப்பர்வைசர், ஸ்டாக் கணக்கு, வேர்ஹவுஸ் சாஃப்ட்வேர், தரச் சோதனை என்று மேலே போகும் படிகள் உண்டு. ஃபோர்க்லிஃப்ட், உயர ரேக்குகளுக்கான ரீச் டிரக் ஓட்ட முறையாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. சேரும்போது யார் பேரோலில் சேர்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டில் பெரிய கம்பெனி போர்டு இருக்கும், சம்பளம் கொடுப்பது மூன்றாவது கை கான்ட்ராக்டராக இருப்பார். கான்ட்ராக்டர் மாறும்போது அனுபவம் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும் அனுபவச் சான்றிதழ் கையில் வாங்கிவிடுங்கள்.

லாரி ஓட்டுவதை ஒரு நல்ல வேலையாக நினைக்கலாமா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். டிரைவராக ஆரம்பித்து, ஒரு வண்டி வாங்கி, பிறகு நாலு வண்டி ஆக்கியவர்கள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் டீசல், டோல், டயர், தவணை என்று இப்போது கணக்கு இறுக்கமாகிவிட்டது, ஒற்றை வண்டி முதலாளிக்குப் பழைய லாபம் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

டிரைவர் வேலைக்கு ஆள் பஞ்சம் உண்மையாகவே இருக்கிறது, ட்ரெய்லர் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இன்னும் அதிகம். போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு 20 வயது முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன் ஒரு வருடமாவது இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது. மே மாத வெயிலில் ஆந்திரா தாண்டி ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வழியில் தூங்க நல்ல இடம் இல்லை, துறைமுக வாசலில் வரிசையில் கிடக்க வேண்டும், வீட்டுக்கு எப்போது போவோம் என்று தெரியாது. இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களை வா என்று கூப்பிட எனக்கு மனமில்லை.

பெண்களுக்கு ஒத்துவருமா?

ஒத்துவருகிறது. டாக்குமென்டேஷன், கஸ்டமர் சர்வீஸ், பிரைசிங் பிரிவுகளில் பல ஆபீஸ்களில் பெண்கள்தான் அதிகம், கிளை மேலாளர்களாகவும் இருக்கிறார்கள். வேர்ஹவுஸ்களிலும் பேக்கிங், ஸ்கேனிங் பக்கம் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். யார்டு, சிஎஃப்எஸ் வேலைகளில் இன்னும் குறைவு. கழிப்பறையே சரியாக இல்லாத இடத்தில் எப்படி வருவார்கள்? இரவு வேலை உண்டா, உண்டென்றால் வீடு வரை வண்டி உண்டா என்பதை இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் தப்பாக நினைக்கும் கம்பெனி நமக்கு வேண்டாம்.

வேலை நேரம் எப்படி?

கப்பலுக்கு கட்-ஆஃப் என்று ஒன்று உண்டு, அந்த நேரத்துக்குள் கன்டெய்னர் கேட்டுக்குள் போக வேண்டும். போகவில்லையென்றால் அடுத்த கப்பல், அநேகமாக அடுத்த வாரம். சனிக்கிழமை ராத்திரி கட்-ஆஃப் என்றால் சனிக்கிழமை மாலை உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கும். விமானச் சரக்கு இன்னும் மோசம், மீனம்பாக்கத்தில் சரக்கு விமானங்களின் வேலை ராத்திரியில்தான் சூடு பிடிக்கும். மாதக் கடைசி, தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், மார்ச், இந்த மூன்றிலும் லீவு கேட்காதீர்கள்.

பேக் ஆபீஸ் வேலை என்றால் ஷிஃப்ட் முடிந்ததும் எழுந்து போகலாம், ஐரோப்பாவுக்கு வேலை செய்யும் குழு என்றால் மதியம் ஆரம்பித்து ராத்திரி முடியும். நிம்மதி வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள், ஆனால் அங்கே ஒரே துண்டு வேலையைத்தான் செய்வீர்கள், முழுப் படம் தெரிய நாளாகும்.

சென்னைக்கு வந்தால்தானா, ஊரிலேயே கிடைக்காதா?

கிடைக்கும். தூத்துக்குடியில் துறைமுகமும் அதைச் சுற்றி சிஎஃப்எஸ்களும் இருக்கின்றன. திருப்பூரிலும் கோவை இருகூரிலும் உள்நாட்டு கன்டெய்னர் டிப்போக்கள் உண்டு. ஓசூர் பக்கம் பெங்களூருக்கும் சேர்த்து வேலை நடக்கிறது. திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் காய்கறியும் பூவும் பறக்கின்றன. கன்னியாகுமரிக்காரர்களுக்குக் கேரளாவின் விழிஞ்ஞம் பக்கத்திலேயே வந்துவிட்டது; 2025 மே மாதம் முறைப்படி திறந்த துறைமுகம், பெரிய மதர் வெசல்கள் நேராக வருகின்றன.

இருந்தாலும் முதல் வேலைக்குச் சென்னை நல்லது என்பது என் எண்ணம். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி மூன்றும் ஒரு வட்டத்துக்குள் இருப்பதால் எல்லா வகைச் சரக்கும் கண்ணில் படும்.

வெளிநாட்டு வாய்ப்பு?

துபாய் ஜெபல் அலி, சிங்கப்பூர், தோஹா என்று நம் ஆட்கள் இல்லாத துறைமுகம் குறைவு. மூன்று நான்கு வருட அனுபவத்தோடு போனால் மரியாதையான வேலை. அனுபவம் இல்லாமல் ஏஜென்ட்டை நம்பிப் போனால் ஆபீஸ் வேலை என்று சொல்லி குடோனில் நிறுத்துவார்கள், அப்புறம் பேசி பயனில்லை. ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்று இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சங்களில் கேட்டால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரும் ஏஐயும் இந்த வேலையைச் சாப்பிட்டுவிடாதா?

இன்வாய்ஸைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்யும் வேலையைச் சாப்பிடும், சாப்பிட ஆரம்பித்தும் விட்டது. ஆனால் 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் அடைத்தபோதும், 2023 கடைசியிலிருந்து செங்கடலில் தாக்குதலுக்குப் பயந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோதும் என்ன நடந்தது தெரியுமா? ஐரோப்பா பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, ரேட் எகிறியது, ஏற்றுமதியாளர்கள் போன் மேல் போன் போட்டார்கள். விமானத்தில் பாதி அனுப்பலாமா, சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது, எந்தக் கப்பல் கம்பெனியில் இடம் இருக்கிறது என்று யோசித்துச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டார். அந்த ஆளாக ஆகிவிட்டால் பயமில்லை. வேலை எப்போதும் தட்டச்சிலேயே நின்றுவிட்டால் பயப்பட வேண்டியதுதான்.

பின்னாளில் சொந்தமாகத் தொழில் செய்யலாமா?

செய்யலாம், இந்தத் துறையில் நிறையப் பேர் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஆபீஸ், இரண்டு பேர், பழகிய நாலு ஏற்றுமதியாளர்கள் போதும். கழுத்தைப் பிடிப்பது கடன்தான். கப்பல் கம்பெனி காசு வாங்கிக்கொண்டுதான் சரக்கை ஏற்றியதற்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங் கொடுக்கும், உங்கள் வாடிக்கையாளரோ 45 நாள், 60 நாள் கழித்துத் தருவார். அந்த இடைவெளியைத் தாங்கும் பணம் இல்லாமல் வேலை நிறைய எடுத்தவர்கள், வேலை நிறைய இருக்கும்போதே மூடியதைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு இந்த வேலை வேண்டாம் என்பீர்கள்?

போனை எடுக்கப் பிடிக்காதவருக்கு. கெட்ட செய்தியைத் தள்ளிப் போடுகிறவருக்கும்: கன்டெய்னர் கப்பல் ஏறவில்லை என்பதை மறைத்து வைத்தால் மறுநாள் அது இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

புதியவர்களிடம் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள். எஃப்ஓபிக்கும் சிஐஎஃப்புக்கும் (கப்பல் கட்டணமும் இன்ஷூரன்ஸும் விற்பவர் செலவு) என்ன வித்தியாசம், 20 அடி 40 அடி கன்டெய்னர், பில் ஆஃப் லேடிங் எதற்கு, சரக்கு வண்டியில் போகும்போது கூட இருக்க வேண்டிய ஆன்லைன் ஆவணமான இ-வே பில் எப்போது வேண்டும் (50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் என்று சொல்லுங்கள், போதும்), எக்ஸெலில் வி-லுக்அப் (VLOOKUP) தெரியுமா, இதெல்லாம்தான். பிறகு மேப் காட்டாமலே கேட்பார்கள்: சென்னையிலிருந்து ரோட்டர்டாம் போகும் கப்பல் எந்த வழியில் போகும்? ஜெபல் அலி எந்த நாடு? லாங் பீச் அமெரிக்காவில் எந்தப் பக்கம்? ‘கடுமையாக உழைப்பேன் சார்’ என்று சொல்பவர்கள் நூறு பேர் வருகிறார்கள். முந்தின நாள் உட்கார்ந்து துறைமுகங்களின் பெயரையும் இடத்தையும் பார்த்துவிட்டு வருபவர் கொஞ்சம் பேர்தான், நாங்கள் அவர்களைத்தான் எடுக்கிறோம்.